பறங்கியர் பந்தியும் நம் அடுக்களையும்

வரலாறு என்றவுடன் நம் மாணாக்கர் நெஞ்சில் முதலில் தோன்றுவன போர்களும் கோட்டைகளும் ஆண்டுக் கணக்குகளுமே ஆகும். 1511-இல் மலாக்கா போர்த்துக்கீசியரிடம் வீழ்ந்தது. 1641-இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அஃது ஆங்கிலேயர்க்கு உரியதாயிற்று என்று மனப்பாடம் செய்து, தேர்வுத் தாளில் எழுதி, மறுமாதம் மறந்தும் விடுகின்றனர். ஆயின், கோட்டையின் கற்கள் சிதைந்த பின்னரும் சிதையாமல் நிற்கும் வரலாறு ஒன்று உண்டு. அது மக்களின் அடுக்களையில் இருக்கின்றது. உண்ணும் உணவிலும், அதனை ஏந்தும் கலத்திலும், அக்கலத்தைக் குறிக்கும் சொல்லிலும் அது மறைந்து கிடக்கின்றது.

தாயகத்தை விட்டு வேற்று மண்ணில் வாழச் செல்லும் மனிதன், நிலைத்து உட்கார ஓர் இடம் கிடைத்தவுடன் எதனைத் தேடுகின்றான்? தாய் சமைத்த உணவின் சுவையைத்தான் தேடுகின்றான். அவன் அரசனுடைய படைவீரனாயினும் சரி, ஒப்பந்தக் கூலியாயினும் சரி, நாக்கின் ஏக்கம் இருவர்க்கும் ஒன்றே. மலாக்காவில் வந்து தங்கிய போர்த்துக்கீசியர் தம் நாட்டு உணவையும் மதுவையும் எவ்வாறு தேடினர், எதனை இழந்தனர், எதனை மாற்றிக் கொண்டனர் என்பதைக் கூறுவதும், அதிலிருந்து இந்நாட்டுத் தமிழராகிய நாம் பெறத்தக்க பாடம் யாது என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். மதுவைப் பற்றிப் பேச நேர்வதால் மதுவைப் போற்றுவதாக எவரும் கருதவேண்டா. கள்ளுண்ணாமை என ஓர் அதிகாரமே வகுத்துத் தந்த வள்ளுவப் பெருந்தகையின் வழி வந்தவர் நாம்.

யவனர் தந்த தேறல்

மேல்நாட்டார் தம் மதுவைக் கலத்தில் ஏற்றிக்கொண்டு கீழ்த்திசைக்கு வந்தது போர்த்துக்கீசியர் காலத்தில் தொடங்கிய செய்தியன்று. சங்க காலத்திலேயே யவனர் நல்ல கலங்களில் கொணர்ந்த மணமிக்க தேறலைப் பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் பருகி மகிழ்ந்ததைப் புறநானூற்றின் ஐம்பத்தாறாம் பாடல் குறிப்பிடுகின்றது. அப்பாடலைப் பாடியவர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். கணக்காயர் என்பது ஆசிரியரைக் குறிக்கும் பழஞ்சொல் என்பதை ஆசிரியப் பெருமக்கள் அறிவர். ஓர் ஆசிரியரின் மகன்தான் நமக்கு இவ்வரலாற்றுச் செய்தியைப் பதிந்து வைத்தவர் என்பதில் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

புலவர் வாக்கைப் புதைபொருளும் உறுதி செய்தது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த இருகைப்பிடிச் சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. மதுவும் எண்ணெயும் நிரப்பிக் கொண்டுவரப்பட்ட சாடிகள் அவை. கடல் கடந்து வந்து தங்கிய வணிகர், நம் கரையில் இருந்துகொண்டே தம் நாட்டுச் சுவையைத் துய்த்தனர். அவர்கள் வாங்கிச் சென்றது மிளகு. கொண்டுவந்தது பொன்னும் மதுவும். ஆயிரத்து நானூறு, ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் போர்த்துக்கீசியரை இத்திசைக்கு ஈர்த்ததும் அதே மிளகுதான். யவனர் வாணிகம் செய்து திரும்பினர். பறங்கியர் பீரங்கியுடன் வந்து கோட்டை கட்டினர். இருவர்க்கும் உள்ள வேற்றுமை இதுவே.

கப்பலில் வந்த பந்தி

ஐரோப்பாவின் மேற்கோரத்தில் கடலை நோக்கி அமைந்த சிறிய நாடு போர்த்துக்கல். கோதுமை ரொட்டி, ஒலிவ எண்ணெய், உப்பிட்டு உலர்த்திய பெருமீன், கொடிமுந்திரி மது ஆகியவை அந்நாட்டாரின் அன்றாட உணவில் இன்றியமையாதவை. நமக்குச் சோறும் குழம்பும் எவ்வாறோ, அவர்க்கு ரொட்டியும் மதுவும் அவ்வாறு. கிறித்தவ வழிபாட்டிலும் இவ்விரண்டும் இடம் பெறுவதால், மது அவர்க்கு வெறும் பானமாக மட்டும் இருக்கவில்லை. சமயத்தோடும் பண்பாட்டோடும் பிணைந்ததாக இருந்தது.

வாஸ்கோ ட காமா 1498-ஆம் ஆண்டு கள்ளிக்கோட்டைக் கரையை அடைந்தான். 1510-இல் அல்போன்சோ டி அல்புகர்க் கோவாவைக் கைப்பற்றினான். அடுத்த ஆண்டே மலாக்காவையும் வென்றான். லிஸ்பனிலிருந்து கோவாவுக்குக் கடற்பயணம் ஏறத்தாழ ஆறு திங்கள் நீண்டது. கோவாவிலிருந்து மலாக்காவுக்கு வரப் பருவக்காற்றுக்காகக் காத்திருத்தல் வேண்டும். இவ்வளவு நெடிய வழியில் கப்பல்கள் சுமந்து வந்த உணவு காய்ந்த பிசுக்கோத்து, உப்பிட்ட இறைச்சி, உப்பு மீன், எண்ணெய், காடி, மது என்பனவே. பெரிய மரப் பீப்பாய்களில் மது வந்தது. வெப்பக் கடலில் மாதக்கணக்கில் குலுங்கி வந்த மதுவில் ஒரு பகுதி புளித்துக் காடியாகியே கரை சேர்ந்தது.

இறைச்சி கெடாமலிருக்க அதனை மதுவிலும் பூண்டிலும் ஊறவைக்கும் வழக்கம் போர்த்துக்கல்லில் இருந்தது. 'வின்யா தாலியோஸ்' என அதனை அழைத்தனர். மதுவும் பூண்டும் என்பதே அப்பெயரின் பொருள். இச்சொல்லை வாசகர் நினைவிற் கொள்க. பின்னர் இதனை வேறொரு கோலத்தில் காண்போம்.

மலாக்காவில் குடியேறிய போர்த்துக்கீசியர் விரைவிலேயே ஓர் உண்மையை உணர்ந்தனர். நிலநடுக்கோட்டிற்கு வடக்கே இரண்டு பாகைக்குச் சற்று மேலாக அமைந்த இம்மண்ணில் குளிர்காலம் என ஒன்றில்லை. கொடிமுந்திரி இங்கே மது பிழியும் அளவிற்கு விளையாது, கோதுமை விளையாது, ஒலிவ மரம் வளராது. மலாக்கா நகரமோ தனக்கு வேண்டிய அரிசியையே சாவகம், சயாம், பெகு ஆகிய இடங்களிலிருந்து இறக்கி உண்டு வாழ்ந்த வணிக நகரம். அந்நாளில் மலாக்காவில் தங்கி எழுதிய தோமே பிரெஸ் என்னும் போர்த்துக்கீசிய மருந்தாளர், அத்துறைமுகத்தில் எண்பத்து நான்கு மொழிகள் பேசப்பட்டதாகக் குறித்துள்ளார். உலகத்துப் பொருள்களெல்லாம் குவிந்த அந்நகரில் தம் தாயக உணவு மட்டும் கிடைத்தற்கரிதாக இருந்தது குடியேறியவர்க்குப் பெருங்குறையாகவே இருந்திருக்கும்.

முதல் விருந்தோம்பியவர் தமிழர்

மலாக்காப் போர்த்துக்கீசியர் வரலாற்றில் தமிழர் ஒருவர்க்கு முக்கிய இடம் உண்டு. 1509-ஆம் ஆண்டு தியாகோ லோப்பஸ் டி செக்குவெய்ரா தலைமையில் முதன்முதலாக மலாக்காவுக்கு வந்த போர்த்துக்கீசியருள் சிலர் இங்கே சிறைப்பட்டனர். ரூய் டி அராவுஜோ என்பான் அவர்களுள் ஒருவன். சிறையிலிருந்த அவர்களுக்கு மலாக்காவின் தமிழ் வணிகராகிய நைனா சத்து என்பார் உதவினார். அல்புகர்க்குக்கு அவர்கள் எழுதிய மடல் வெளியே செல்லவும் துணை நின்றார். அவ்வுதவியில் உணவும் அடங்கியிருந்திருக்கும் என ஊகிப்பதில் தவறில்லை. எனவே, மலாக்காவில் போர்த்துக்கீசியர்க்கு முதலில் கைகொடுத்த விருந்தோம்பல் ஒரு தமிழர் மனையிலிருந்து சென்றது எனலாம்.

1511-இல் நகரம் வீழ்ந்தபின் அல்புகர்க் நைனா சத்துவைப் பெண்டகாராவாக அமர்த்தினான். ஆயின் மூன்று ஆண்டுகள் கழிந்து, 1514-இல், அப்பதவி கம்பார் அரசருக்கு அளிக்கப்பட்டது. அவமதிப்பைத் தாங்காத நைனா சத்து தீயில் பாய்ந்து உயிர் துறந்தார் எனப் போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியரே எழுதி வைத்துள்ளனர். வேற்றரசின் பந்தியில் அமர்ந்தவர்க்கு அப்பந்தி நிலைப்பதில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

போர்த்துக்கீசியரின் ஆட்சி இனிமையானதாக இருந்தது என எவரும் கூறார். பள்ளிவாசல்களின் கற்களையும் அரச கல்லறைகளின் கற்களையும் பெயர்த்தே 'ஆ பமோசா' கோட்டையை எழுப்பினர். 1619-இல் யாழ்ப்பாண அரசை வென்று, நல்லூர்க் கந்தசாமி கோயிலை இடித்ததும் அவர்களே. அதே காலக் கப்பல்களில் வந்த சமயத் தொண்டர்தாம் 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டனர். அச்சேறிய முதல் இந்திய மொழி எழுத்து என்னும் பெருமை தமிழுக்குக் கிடைத்தது அந்நூலால்தான். நன்மையும் தீமையும் ஒரே கப்பலில் வந்தன. வரலாறு கற்பிப்போர் இரண்டையும் ஒருங்கே கூறுதல் வேண்டும்.

மது காடியான கதை

மலாக்காவில் தங்கிய வீரரும் வணிகரும் பெரும்பாலும் மணமாகாத ஆடவர். அவர்கள் இம்மண்ணின் பெண்களை மணந்து குடும்பமாக வாழ்வதை அல்புகர்க் ஊக்குவித்தான். இவ்வொரு முடிவே உணவின் வரலாற்றை மாற்றியது. கோட்டை ஆடவர் கையில் இருந்தது. அடுக்களை பெண்கள் கையில் இருந்தது. கணவன் சுவைக்க விரும்பியது லிஸ்பன் நகரத்து இறைச்சி உணவு; மனைவி அறிந்திருந்தது இஞ்சியும் பேரரத்தையும் தேங்காயும் புளியும். இரண்டும் ஒரே சட்டியில் கலந்தன.

மதுவுக்கு எங்கே செல்வது? தென்னங்கள் இருந்தது. கோவாவிலும் மலையாளக் கரையிலும் தென்னங்கள்ளைப் போர்த்துக்கீசியர் முன்பே அறிந்திருந்தனர். பனை மது, தென்னை மது எனத் தம் மொழியில் அதற்குப் பெயரிட்டனர். கோவாவில் வாழ்ந்த மருத்துவர் கார்சியா டி ஓர்த்தா 1563-இல் அச்சிட்ட நூலில் தென்னையின் பயன்களையும் அதன் கள்ளையும் விரித்துரைக்கின்றார். அக்கள் புளித்தால் காடி. போர்த்துக்கல்லில் கொடிமுந்திரி மது செய்த வேலையை இங்கே கள்ளுக்காடி செய்தது. 'வின்யா தாலியோஸ்' கோவாவில் 'விண்டாலு' ஆயிற்று. மதுவும் பூண்டும் என்ற பெயர் திரிந்து நின்றது. மது மறைந்து காடி நின்றது. மிளகாயும் சீரகமும் வந்து சேர்ந்தன. இன்று உலகெங்கும் 'இந்திய உணவு' என்றே விற்கப்படும் அக்கறியின் பெயருக்குள் போர்த்துக்கீசிய மது ஒளிந்திருப்பதை உண்போர் பலர் அறியார்.

மலாக்காவில் அதற்கு உறவான உணவு 'டெபல்' எனப்படும் கறியாகும். கோழி இறைச்சி, உலர் மிளகாய், பேரரத்தை, புவா கெராஸ், இஞ்சி, கடுகு, காடி ஆகியவை சேர்ந்து நாவைச் சுடும் கறி அது. கிறித்துமஸ் விருந்தில் மீந்த இறைச்சியைக் காடியில் இட்டு மறுநாள் சமைத்த பழக்கத்தையும் அதனோடு சேர்த்துக் கூறுவர். ஆங்கிலம் பேசுவோர் அப்பெயரைக் கேட்டு 'பேய்க்கறி' எனப் பொருள் கொண்டனர். இவ்வுணவில் கடுகு இருப்பதையும் காடி இருப்பதையும் ஒருசேர நோக்குக. கடுகு நம் நாட்டுத் தாளிப்பை நினைவூட்டுகின்றது. காடி ஐரோப்பாவை நினைவூட்டுகின்றது. பேரரத்தையும் புவா கெராசும் மலாய் மண்ணுக்குரியவை. ஒரு சட்டியில் மூன்று நாடுகள்!

இவ்வாறே, சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாவுக்குள் கொத்திய இறைச்சி வைத்துச் செய்யும் 'பாங் சூசி' என்னும் பண்டத்தில், ரொட்டியைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல் 'பாங்' என நிற்கின்றது. இலங்கைத் தமிழர் ரொட்டியைப் 'பாண்' என்பதும் அதே சொல்லால்தான். 'புத்துகல்' எனத் தாய்நாட்டின் பெயரை ஒத்த பெயர் கொண்ட பலகாரமோ மரவள்ளிக் கிழங்கைத் துருவி வாழைப்பழம் வைத்து அவிப்பது. லிஸ்பனில் அப்படியொரு பலகாரம் இல்லை. திருநாள்களில் அவர்கள் பெருமையோடு பரிமாறும் சூஜி கேக்கில் கோதுமை ரவை இருக்கின்றது. சூஜி என்பதோ இந்தியாவிலிருந்து வந்த சொல்.

இவ்விடத்தில் ஒரு செய்தி நினைவிற்கு வருகின்றது. ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் உள்ள மதெய்ராத் தீவின் மது, கப்பல்களில் ஏறி வெப்பக் கடல்களைக் கடந்து திரும்பியபொழுது, முன்னினும் சுவை மிகுந்திருந்ததை வணிகர் கண்டனர். பின்னர் வேண்டுமென்றே அம்மதுவைக் கப்பலில் ஏற்றி அனுப்பி மீட்டனர். அதன்பின் கரையிலேயே சூடேற்றும் முறையைக் கண்டனர். எல்லா மதுவும் அவ்வாறு தேறுவதில்லை. பெரும்பாலானவை புளித்தே போகும். புளித்ததைக் கொட்டிவிடாமல் அதற்கும் ஒரு பயன் கண்டவர்களே மலாக்காவில் தழைத்தனர்.

ஆட்சியைக் கட்டிக் காத்தவர்களுக்கோ அந்தப் பேறு வாய்க்கவில்லை. ஒல்லாந்தர் 1640-இல் தொடங்கி 1641 சனவரி வரை நடத்திய முற்றுகையில் கோட்டைக்குள் பட்டினியும் கொள்ளைநோயும் தலைவிரித்தாடின. உலகின் வாசனைப் பொருள்களையெல்லாம் தம் கைக்குள் அடக்க வந்தவர்கள், இறுதியில் ஒரு பிடி அரிசிக்கு ஏங்கினர். நூற்று முப்பது ஆண்டு ஆட்சி முடிந்தது. ஆட்சி போன பின்னும் கலப்பு மணத்தால் தோன்றிய குடும்பங்கள் இருந்தன. அவர்களின் அடுப்பும் அணையவில்லை.

சொற்களாக வந்த பண்டங்கள்

நம் அடுக்களைக்குள் வருவோம். பறங்கியர் பெயரையே தாங்கிய பறங்கிக்காய் நம் கோயில் விருந்திலும் இடம் பெற்றுவிட்டது. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அன்னாசி, தன் பெயரையும் கொண்டு போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. மிளகாய் அவர்கள் கப்பலில் வருவதற்கு முன் தமிழர் உணவில் காரம் தந்தது மிளகே. புதிதாக வந்த காயை மிளகோடு ஒப்பிட்டு மிளகாய் என நம் முன்னோர் அழைத்தனர். வந்த பொருளுக்குத் தம் மொழியில் பெயரிட்டுத் தமதாக்கிக் கொண்ட அவர்தம் அறிவு பாராட்டத்தக்கது. பிரேசில் நாட்டு மரவள்ளியும் இக்கடல்வழித் தொடர்புகளால் பரவிய பயிரே. சப்பானியர் ஆட்சி நடந்த 1942 முதல் 1945 வரையிலான ஆண்டுகளில், அரிசி அருகிய இந்நாட்டில் நம் தோட்ட மக்களின் உயிரைப் பிடித்து வைத்தது அம்மரவள்ளிதான்.

உணவைச் சூழ்ந்த பொருள்களின் பெயர்களையும் எண்ணிப் பார்ப்போம். மது வந்த பீப்பாய், அதனை ஊற்றிய கோப்பை, உணவு வைத்த மேசை, பாத்திரம் அடுக்கிய அலமாரி, அதனைப் பூட்டிய சாவி ஆகிய அனைத்தும் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொற்கள். மலாய் மொழியிலோ வெண்ணெய்க்கு 'மெந்தேகா', பாலாடைக்கட்டிக்கு 'கேஜு', முள்கரண்டிக்கு 'கார்பு', துவாலைக்கு 'துவாலா' என அவர்தம் சொற்களே வழங்குகின்றன. நம் சன்னலும் மலாய்க்காரரின் 'ஜெண்டேலா'வும், நம் மேசையும் அவர்களின் 'மேஜா'வும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். வகுப்பறையில் இவ்விரு மொழிச் சொற்களையும் இணையாக எழுதிக் காட்டினால், மாணாக்கர் கண்கள் வியப்பால் விரிவதை ஆசிரியர் காணலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, பள்ளியைக் குறிக்கும் 'செக்கோலா' என்னும் மலாய்ச் சொல்லும் போர்த்துக்கீசியச் சொல்லே. இயேசு சபையார் 1548-இல் மலாக்காவில் ஒரு பள்ளியைத் தொடங்கியிருந்தனர் என்பதையும் இங்குச் சேர்த்து நினைத்தல் தகும்.

ஒரே பாளையின் இரு பயன்

மலாக்காப் பெண்டிர் காடியாக்கிக் கறியில் இட்ட அதே கள், நம் மக்கள் வரலாற்றில் வேறொரு வேலையைச் செய்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் தோட்டந்தோறும் கள்ளுக்கடை இருந்தது. உழைத்துக் களைத்தவனின் கூலி மாலையில் அக்கடைக்கே திரும்பியது. துரைமார் மன்றங்களில் தம் நாட்டு மதுவைப் பருகிப் பொழுது போக்கினர். தொழிலாளி கள்ளுக்கடை வாயிலில் தன்னை மறந்தான். இருவரும் கடல் கடந்து வந்தவரே. ஒருவர்க்கு மது தாயகத்தை நினைவூட்டியது. மற்றவர்க்குத் துயரத்தை மறக்கச் செய்தது. முன்னதை இன்பம் என்றும் பின்னதை ஒழுக்கக்கேடு என்றும் எழுதிச் சென்ற ஏடுகளை நாம் அப்படியே ஏற்றல் ஆகாது.

இக்கொடுமையை நம்மவரே உணர்ந்து எதிர்த்தனர் என்பது பெருமைக்குரியது. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முதலியோர் முன்னின்ற வேலை நிறுத்தத்தின் கோரிக்கைகளில், கள்ளுக்கடைகளை மூடுதல் வேண்டும் என்பது ஒன்று. பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பது மற்றொன்று. துப்பாக்கியால் அப்போராட்டம் அடக்கப்பட்டது. ஆனால் அவ்விரு கோரிக்கைகளையும் ஒரே தாளில் எழுதிய அத்தொழிலாளரின் தெளிவை எண்ணி வியக்கின்றேன். ஒரு சமுதாயம் எதனைப் பருகுகின்றது என்பதும் எதனைப் படிக்கின்றது என்பதும் தொடர்புடைய கேள்விகள் என அவர்கள் கண்டிருந்தனர்.

சுவை நின்றது, மொழி?

மலாக்கா உஜோங் பாசிரில் உள்ள போர்த்துக்கீசியக் குடியிருப்புக்கு மாணாக்கரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் பலர். நகரில் சிதறி வாழ்ந்த ஏழை மீனவக் குடும்பங்களை ஓரிடத்தில் சேர்க்க, 1920-களிலும் 1930-களிலும் இரு பாதிரிமார் எடுத்த முயற்சியால் ஏறத்தாழ இருபத்தெட்டு ஏக்கர் நிலத்தில் அக்குடியிருப்பு எழுந்தது. 'பாதிரியார் நிலம்' என்னும் பொருள்பட அம்மக்கள் அதனை அழைத்தனர். ஆண்டுதோறும் சூன் 29-ஆம் நாள் மீனவரின் காவலராகிய புனித பேதுருவுக்கு விழா எடுத்துப் படகுகளை அலங்கரிக்கின்றனர். சிற்றிறாலை வலையிட்டுத் தள்ளிப் பிடித்து, அதனைச் சிஞ்சாலோக்காகவும் பெலாச்சானாகவும் ஆக்குவது அவர்களின் பழந்தொழில். கடல் தூர்க்கப்பட்ட பின்னர் அத்தொழில் பெரிதும் குன்றிவிட்டது. இன்று அங்கே செல்வோர் சுட்ட மீனும் டெபல் கறியும் உண்டு மகிழ்ந்து திரும்புகின்றனர்.

இம்மக்கள் பேசும் மொழி 'கிரிஸ்தாங்'. போர்த்துக்கீசியச் சொற்களும் மலாய் இலக்கணப் பாங்கும் கலந்து பிறந்த மொழி அது. ஐந்நூறு ஆண்டுகள் அது வாழ்ந்தது வியப்பே. ஆட்சி துணை நிற்கவில்லை. தாய்நாடு துணை நிற்கவில்லை. அடுப்பங்கரையும் கோயிலும் மீன்பிடிப் படகுமே அதனைக் காத்தன. ஆயினும் இன்று அதனைச் சரளமாகப் பேசுவோர் பெரும்பாலும் முதியோராகவே உள்ளனர். அழியும் நிலையிலுள்ள மொழிகளின் வரிசையில் அறிஞர் அதனைச் சேர்த்துள்ளனர். ஏன் இந்நிலை? அம்மொழிக்குப் பள்ளி இல்லை. பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிகளில் பயின்றனர். பின்னர் தேசிய மொழியில் பயின்றனர். தாய்மொழியில் ஒரு பாடநூலைக் கையில் ஏந்தும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை. ஜோன் மார்பெக் அம்மையார் போன்றோர் அம்மொழியில் நூல்கள் எழுதியும், சிங்கப்பூரில் 2016 முதல் இளைஞர் சிலர் வகுப்புகள் நடத்தியும் அதனை மீட்க முயல்கின்றனர். அவர்தம் முயற்சி வெல்க!

பிறர் கதையோடு இது முடிந்துவிடவில்லை. அதே மலாக்காவில், காஜா பெராங் பகுதியில், மலாக்காச் செட்டிகள் வாழ்கின்றனர். சுல்தான்கள் காலத்திலேயே வந்து தங்கிய தமிழ் வணிகரின் வழித்தோன்றல்கள் அவர்கள். 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயத்தை இன்றும் போற்றிக் காக்கின்றனர். பொங்கலையொட்டி முன்னோர்க்குப் படையலிடும் 'பார்ச்சு' வழிபாட்டைத் தவறாது நிகழ்த்துகின்றனர். வாழையிலையில் சோறும் கறிகளும் பலகாரங்களும் பரப்பி, மறைந்தவர்களை அழைக்கின்றனர். ஆனால் அழைக்கும் மொழி மலாய். சமயம் நின்றது, படையல் நின்றது, சுவை நின்றது, தமிழ் நிற்கவில்லை. அவர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. தமிழ்ப்பள்ளி என ஒன்று இந்நாட்டில் தோன்றுவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் இங்கு வாழத் தொடங்கிவிட்டனர். அத்துணை ஆண்டுகள் பண்பாட்டைக் காத்த அவர்கள் நம் வணக்கத்திற்குரியவர்கள்.

இவ்விரு சமுதாயங்களும் நமக்குக் கற்பிப்பது ஒன்றே. நாவின் சுவை நெடுநாள் வாழும். அது மக்களை ஒன்று சேர்க்கும். நான் யார் என்பதை ஒவ்வொரு திருநாளிலும் நினைவூட்டும். எனினும் சுவையால் மட்டும் மொழியைத் தாங்க இயலாது. உணவின் பெயர் வாயில் தங்கும். அதனைச் சொல்லும் வாக்கியம் போய்விடும். வாக்கியத்தைக் காப்பது பள்ளி. 1816-ஆம் ஆண்டு பினாங்கு இலவசப் பள்ளியில் ஒரு தமிழ் வகுப்பாகத் தொடங்கி, இன்று ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளாக விரிந்திருக்கும் தமிழ்க்கல்வி, கிரிஸ்தாங் மக்களுக்கும் மலாக்காச் செட்டிகளுக்கும் கிடைக்காத பெருஞ்செல்வமாகும்.

இதனை டெங்கில் வட்டாரத்திலிருந்து எழுதுவதால் இன்னொன்றையும் கூறுதல் கடமையாகின்றது. முதல் உலகப் போருக்குப் பின் ஆங்கிலேயப் படைவீரர் அமைத்த பெராங் பெசார் தோட்டம் இங்கே இருந்தது. அம்மண்ணில்தான் 1995 முதல் புத்ராஜெயா எழுந்தது. பெராங் பெசாரிலும் அடுத்திருந்த தோட்டங்களிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நம் மக்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தாவின் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தனர். வீட்டு வாயிலில் முருங்கையும் கறிவேப்பிலையும் வளர்த்தவர்கள் மாடிப்படி ஏறினர். அம்மியையும் ஆட்டுக்கல்லையும் எங்கே வைப்பது? இடம் பெயரும் சமுதாயம் முதலில் இழப்பது இத்தகைய சிறு பொருள்களையே. அவற்றோடு அவற்றின் பெயர்களும் போகும். உஜோங் பாசிர் மக்கள் ஓரிடத்தில் சேர்ந்து வாழ நிலம் பெற்றதால் தம் உணவையும் விழாவையும் காத்தனர் என்பதை இங்கே ஒப்பிட்டுப் பார்த்தல் நலம்.

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள்

இன்று நிலைமை வேறு. வேற்று நாட்டில் பணியாற்றுவோர் ஒரே நாளில் வானூர்தியில் சென்று இறங்குகின்றனர். தம் நாட்டு உணவையும் மதுவையும் அடுத்த கடையிலேயே வாங்குகின்றனர். போர்த்துக்கல்லிலேயே சென்று தங்கி அந்நாட்டுச் சுவைகளை நாளும் துய்க்கும் வெளிநாட்டாரும் மிகுந்துவிட்டனர். கோலாலம்பூர்க் கடைகளில் போர்த்துக்கீசியர் பெயரால் முட்டைப் பண்டமும் சுட்ட மீனும் கிடைக்கின்றன. ஏக்கம் குறைந்துவிட்டது, அதனால் புதியது படைக்கும் தேவையும் குறைந்துவிட்டது. எல்லாம் கிடைக்கும் காலத்தில்தான், எது நமது என்று அறியும் அறிவு மிகுதியும் வேண்டப்படுகின்றது.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒன்று சொல்வேன். வரலாற்றுப் பாடத்தில் 1511 என்னும் ஆண்டைக் கற்பிக்கும் நாளில், மாணாக்கரிடம் ஒரு தாளைக் கொடுங்கள். தத்தம் பாட்டியின் அடுக்களையில் உள்ள பத்துப் பொருள்களின் பெயர்களை எழுதி வரச் சொல்லுங்கள். மிளகு நம்முடையது, மிளகாய் வந்தது, பீப்பாய் வந்தது, பானை நம்முடையது என அவர்களே பிரித்தறியட்டும். வந்ததை வெறுக்கவும் வேண்டா. நம்முடையதை மறக்கவும் வேண்டா. கூடவே, அம்மி, குழவி, உறி, முறம், உலக்கை ஆகிய சொற்களை ஒரு வாக்கியத்தில் அமைத்து எழுதச் செய்யுங்கள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பர் நம் மக்கள். மொழியற்ற பண்பாட்டின் நிலையும் அதுவே. கோட்டை கட்டியவர்கள் மலாக்காவை இழந்தனர்; காடியிட்டுக் கறி சமைத்த பெண்கள் இழக்கவில்லை. அப்பெண்களின் கைக்கு ஓர் எழுதுகோலும் அவர்தம் பிள்ளைகளுக்கு ஒரு பாடநூலும் கிடைத்திருந்தால், அவர்களின் மொழியும் இன்று இளைஞர் நாவில் நின்றிருக்கும். நம் பிள்ளைகள் கையில் அப்பாடநூல் இருக்கின்றது. அதனைத் திறந்து வைப்பது நம் கடன்.